கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளி

ஆண்டுதோறும் நம் மாணவியருக்கு உடல்நலப் பரிசோதனை நடைபெறுகிறது. உயரம் அளக்கப்படுகிறது, எடை பார்க்கப்படுகிறது, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளவும் குறிக்கப்படுகிறது. அட்டையில் எண்கள் ஏறுகின்றன. பிறகு அட்டைகள் கட்டாகக் கட்டப்பட்டு அலமாரிக்குள் சென்றுவிடுகின்றன. அடுத்த ஆண்டு அவற்றில் இன்னொரு வரி சேர்கிறது. நம் வட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றிலும் இதுவே வழக்கம். அளந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நாம் அனைவருமே எண்ணிவிடுகிறோம். இது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லோ மல்லாட்டையோ கொண்டு செல்லும் நம் தந்தையரைப் பாருங்கள். மூட்டை தராசில் ஏறும்போது அவர்கள் கண் முள்ளை விட்டு அகலுவதில்லை. எடை என்ன, ஈரம் எவ்வளவு, சென்ற போகத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று வீடு திரும்பும் வரை கணக்குப் போடுகிறார்கள். அதே வீட்டில் மகளின் எடை சென்ற ஆண்டு என்ன, இந்த ஆண்டு என்ன என்று கேட்டால் பதில் வருவது அருமை. மூட்டையைவிட மகள் மலிவு என்று எவரும் நினைப்பதில்லை. மூட்டையின் எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்பது நமக்குத் தெரிகிறது. மகளின் எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்பது தெரியவில்லை. அவ்வளவுதான்.

அதைச் செய்யும் வழி நம் பாடநூலிலேயே இருக்கிறது. பதினோராம் வகுப்பில் வணிகக் கணிதம் படிக்கும் மாணவியர் ‘ஒட்டுறவு’, ‘தொடர்புப் போக்கு’ என்ற இரண்டு சொற்களையும் அறிவார்கள். தேர்வுக்காக விளம்பரச் செலவையும் விற்பனையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பக்கங்களை நிரப்புகிறார்கள். யாருடைய விளம்பரம், எந்த ஊர் விற்பனை என்பது அவர்களுக்கும் தெரியாது, நூலாசிரியருக்கும் தெரியாது. அதே கணக்கை அலமாரியில் உறங்கும் நம் அட்டைகளைக் கொண்டு போட்டால் என்ன?

கணிதம் என்றதும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். ஆறாம் வகுப்புச் சிறுமிக்கும் விளங்கும் செய்திதான் இது. ஒரே மாணவியிடமிருந்து இரண்டு அளவுகள் எடுக்கிறோம்: உயரம், எடை. இவை இணை அளவுகள். ஒருத்தியின் உயரத்தோடு இன்னொருத்தியின் எடையைச் சேர்த்துவிட்டால் பயனில்லை. வரைபடத் தாளில் கிடையாக உயரத்தையும் செங்குத்தாக எடையையும் குறித்துக்கொண்டால், ஒவ்வொரு மாணவியும் ஒரு புள்ளியாகிறாள். நாற்பது மாணவியர் என்றால் நாற்பது புள்ளிகள். அவை பெரும்பாலும் கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கம் நோக்கி ஏறும் ஒரு மேகம் போலத் தெரியும். அந்த மேகத்தின் நடுவே, எல்லாப் புள்ளிகளுக்கும் கூடியவரை அருகில் செல்லும் ஒரு நேர்கோட்டை வரைகிறோம். அதுவே தொடர்புப் போக்குக் கோடு. புள்ளிகள் அந்தக் கோட்டை எவ்வளவு நெருக்கமாக ஒட்டி நிற்கின்றன என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவுக் கெழு. எல்லாம் ஏறும் கோட்டின் மேலேயே விழுந்தால் அது 1. நேர்கோட்டுத் தொடர்பு ஏதும் இல்லாவிடில் 0. ஒன்று ஏற மற்றொன்று இறங்கினால் குறை எண்.

கணக்கு முறைக்காக நாமே வைத்துக்கொண்ட ஐந்து மாணவியரைப் பார்ப்போம். உயரம் 145, 150, 155, 160, 165 சென்டிமீட்டர். எடை முறையே 38, 40, 45, 46, 51 கிலோ. சராசரி உயரம் 155, சராசரி எடை 44. ஒவ்வொருத்தியின் உயரமும் எடையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்று பார்த்து, அவ்விரு விலகல்களையும் பெருக்கி, பெருக்கிவந்தவற்றைக் கூட்டினால் 160 கிடைக்கும். உயர விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 250. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.64. அதாவது இந்தக் குழுவில் உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் எடை சராசரியாக 0.64 கிலோ கூடுகிறது. ஒட்டுறவுக் கெழுவையும் கணக்கிட்டால் 0.98 வருகிறது. கணக்குக்கு மதிப்பெண் போடும் ஆசிரியை மகிழ்ந்து போவார்.

இப்பொழுது ஆறாவதாக ஒருத்தி வகுப்புக்குள் வருகிறாள். உயரம் 155, எடை 34. கோட்டின் சாய்வு அதே 0.64 ஆக நிற்கிறது. ஆனால் ஒட்டுறவுக் கெழு 0.98-லிருந்து 0.74-க்கு இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு சிறுமி! கெழுவின் அழகை மட்டும் விரும்புகிறவர்கள் இவளை நீக்கிவிடத் துடிப்பார்கள். ஆராய்ச்சிக் கூடங்களில்கூட இந்தச் சோதனை வருவதுண்டு. ஆனால் நாம் இந்தப் படத்தை வரைவதே அவளுக்காகத்தான். மற்ற ஐவரும் கோட்டின் அருகே நலமாக நிற்கிறார்கள். கோட்டை விட்டு இவ்வளவு கீழே இவள் ஏன் நிற்கிறாள்? காலையில் உண்டு வருகிறாளா? குடற்புழுத் தொல்லையா? வீட்டில் நோயாளி யாரேனும் இருக்கிறார்களா? தொடர் இருமல் உண்டா? அல்லது இயல்பிலேயே மெலிந்த, முழு நலமுள்ள பெண்தானா? இவற்றுள் எது என்று கணக்குச் சொல்லாது. யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்ட நமக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது.

ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் நிற்கும் ஊர் நம்முடையது. கவனக்குறைவால் ஒன்றை இழந்துவிட்டவனைப் பார்த்துக் ‘கோட்டை விட்டுவிட்டான்’ என்று சொல்கிறோம். கோட்டை விட்டு விலகிய புள்ளியைக் காணாத பள்ளியும் கோட்டை விட்ட பள்ளிதான்.

இந்தக் கணக்கு முறை தோன்றிய கதையும் நம்மைப் போன்ற பெண்களுக்கும் தாய்மாருக்கும் நெருக்கமானது. 1886-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்களின் உயரத்தை மட்டும் 1.08-ஆல் பெருக்கி ஆண்களுக்குச் சமமாக்கிக்கொண்டார் என்பது ஒரு வேடிக்கை. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் குள்ளமாக இருந்தார்கள், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இரு சாராரும் சராசரியை நோக்கித் திரும்புவது போலிருந்தது. அந்தத் ‘திரும்புதல்’ என்ற பொருள் கொண்ட ஆங்கிலச் சொல்லே இந்தக் கோட்டுக்கு இன்றளவும் பெயராக நிலைத்துவிட்டது.

அவருக்குப் பின் கார்ல் பியர்சன் என்ற பேராசிரியரும் ஆலிஸ் லீ என்ற பெண்மணியும் சேர்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் அளவுகளைத் திரட்டி 1903-இல் வெளியிட்டார்கள். அதில் தாய், மகள் இணைகள் மட்டும் 1,375. தாய்மாரின் சராசரி உயரம் ஏறக்குறைய 62½ அங்குலம். மகள்களின் சராசரி 63¾ அங்குலம். ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.5. தாயின் உயரத்தை 0.54-ஆல் பெருக்கி 29.9 கூட்டினால் மகளின் எதிர்பார்க்கும் உயரம் வரும். 58 அங்குலத் தாய்க்கு 61.2 அங்குல மகள். 68 அங்குலத் தாய்க்கு 66.6 அங்குல மகள். அந்த எண்கள் அந்நாளைய ஆங்கிலக் குடும்பங்களுக்கு உரியவை. நமக்கு அப்படியே பொருந்தா. ஆனால் அவை சொல்லும் செய்தி நம் வீட்டுக்கும் உரியது. “அம்மாவே குட்டை, இவள் எங்கே வளரப் போகிறாள்?” என்று திண்ணையில் பேசுகிறவர்கள் 0.5 என்பது 1 அல்ல என்பதை அறிய வேண்டும். மகள்களின் உயரத்தில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் தாயின் உயரத்தைக் கொண்டு கணக்கில் கொண்டுவர முடிந்தது. மீதி முக்கால் பங்குக்குத் தந்தை உண்டு, உணவு உண்டு, நோய் உண்டு, நாம் அறியாத பலவும் உண்டு. கவலைப்படுவதால் உயரம் கூடாது என்பதை மலைப்பொழிவில் கேட்டிருக்கிறோம். திண்ணைப் பேச்சால் குறையவும் குறையாது.

ஆலிஸ் லீயைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லத்தான் வேண்டும். அவர் லண்டனில் பெண்களுக்கென இருந்த பெட்ஃபோர்டு கல்லூரியில் பயின்றவர். பெண்ணின் மண்டை சிறியது, ஆகவே அறிவும் சிறியது என்று அக்காலத்து அறிஞர் பலர் உறுதியாக நம்பினார்கள். மண்டைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இறந்தவர்களின் எலும்பில்தான் அளக்க முடியும். லீ அம்மையார் அந்த எலும்புகளின் வெளி அளவையும் உள் கொள்ளளவையும் இணைத்து, தொடர்புப் போக்குச் சமன்பாடு ஒன்றைக் கண்டார். அதைக் கொண்டு உயிரோடு இருப்பவர்களின் தலையை வெளியே அளந்தே உள்ளளவை மதிப்பிடலாம். பிறகு அவர் செய்ததுதான் துணிவு. 1898-இல் டப்ளின் நகரில் கூடிய உடற்கூற்று அறிஞர்கள் 35 பேர், பெட்ஃபோர்டு கல்லூரி மாணவியர் 30 பேர், லண்டன் பல்கலைக் கல்லூரி ஆசிரியர்கள் 25 பேர் ஆகியோரின் தலையளவுகளை எடுத்துக் கணக்கிட்டார். பெயர் பெற்ற அறிஞர் சிலரின் மண்டைக் கொள்ளளவு கல்லூரி மாணவியர் சிலருடையதைவிடக் குறைவாக இருந்தது! அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு காணவில்லை என்று எழுதினார். 1901-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. பெண்களை இகழ்வதற்கு எடுத்த அளவுகோலையே கையில் வாங்கி, இகழ்ந்தவர் தலையை அளந்து காட்டிய பெண் அவர். நம் மாணவியர் கணிதத்தைக் கண்டு அஞ்சும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதே கால்ட்டனும் பியர்சனும் அளவுகளைக் கொண்டு மனிதரை உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரிக்கும் கொள்கையைப் பரப்பியவர்கள் என்பதையும் மறைக்கலாகாது. அக்கொள்கை சில நாடுகளில் ஏழைகளையும் நோயாளிகளையும் கட்டாயமாகக் கருத்தடைக்கு உட்படுத்தும் சட்டங்கள் வரை சென்றது. 1930-இல் பதினோராம் பத்திநாதர் தம் திருமடலில் அதைக் கண்டித்தார். கோடு ஒரு கருவி. ஒருத்தியைத் தேடிப் போகவும் அதைப் பயன்படுத்தலாம். ஒருத்தியைத் தள்ளி வைக்கவும் பயன்படுத்தலாம். பள்ளியில் இதைத் தொடங்குமுன் எந்த நோக்கத்துக்காக என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நம் அருகிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அண்டை ஊராகிய திண்டிவனத்தில் 1890-இல் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார் பேறுகாலத்தில் இறந்தனர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால், பயிற்சியே இல்லாத இளம்பெண் ஒருத்தியை மூன்று வீட்டாரும் அழைக்க, அவள் செய்வதறியாது நின்றாள். அந்தப் பெண்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் மருத்துவமனை கண்டார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அதுவே இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரி.

அந்தக் கல்லூரியார் 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அளந்து பதிவு செய்தார்கள். பெற்றோரின் அளவுகளும் குறிக்கப்பட்டன. குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் மீண்டும் அளந்தார்கள். அட்டைகளைத் தொலைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1998 முதல் 2002 வரை, அக்குழந்தைகளுள் 2,218 பேரை இருபத்தெட்டு வயதை ஒட்டிய இளைஞராகக் கண்டுபிடித்து, உயரம், எடை, இரத்தச் சர்க்கரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறந்தபோது இருந்த அளவும், சிறுவயது அளவும், இன்றைய சர்க்கரையும் ஒரே மனிதரின் இணை அளவுகளாகக் கையில் இருந்தன. 2010-இல் வெளியான ஆய்வில் அவர்கள் கண்டது இது: சிறுவயதில் மெலிந்திருந்து, பின்னர் வளரிளம் பருவத்துக்கும் வாலிபத்துக்கும் இடையே உயரத்துக்கு மிஞ்சிய எடை போட்டவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு கூடுதலாக இருந்தது. டெல்லியில் 1,492 பேரைக் கொண்டு 2004-இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. குழந்தையில் மெலிவு, பிறகு விரைந்த பருமன்.

பெற்றோர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். குண்டுக் குழந்தை நலமுள்ள குழந்தை என்றோ, மெலிந்த சிறுமிக்கு இனிப்பும் பொரித்ததும் கொடுத்து விரைவில் தேற்றிவிடலாம் என்றோ நினைப்பவர்களுக்கு இந்த ஆய்வு விடை தருகிறது. ஓர் ஆண்டின் எண் மட்டும் போதாது. எண் எந்தப் பாதையில் வந்தது என்பதும் தெரிய வேண்டும். ஆறாம் வகுப்பில் மெலிந்திருந்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல எடையோடு இருக்கிறாள் என்றால் மகிழ்வதா, எச்சரிக்கையாக இருப்பதா என்பதை ஏழு ஆண்டு அட்டை சொல்லும், ஓராண்டு அட்டை சொல்லாது. வேலூரார் முப்பது ஆண்டு காத்த அட்டையை நாம் ஏழு ஆண்டாவது காக்க முடியாதா?

இனி எச்சரிக்கைகள். கணக்குப் போடத் தெரிந்தவர்களே அதிகம் ஏமாறும் இடங்கள் இவை.

பள்ளி முழுவதையும் ஒரே படத்தில் போட்டுவிடக் கூடாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லா மாணவியரின் பாத நீளத்தையும், அவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் புள்ளி வைத்தால் ஒட்டுறவு மிக நன்றாகவே வரும். கால் நீண்டால் ஆங்கிலம் வரும் என்று எவரேனும் சொல்வார்களா? வயது கூடக் கூட இரண்டும் வளர்கின்றன, அவ்வளவே. உயரம், எடை விஷயத்திலும் வயது இப்படித்தான் மறைந்து நின்று வேலை செய்யும். ஆகவே ஒரே வயதினரைத் தனித்தனியே வரைய வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 5 முதல் 19 வயது வரை உள்ளோருக்காக 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகளும் வயதுவாரியாகவே அமைந்துள்ளன. நம் வகுப்பின் கோடு நம் வகுப்பின் நிலையைத்தான் காட்டும். வகுப்பே மெலிந்திருந்தால் கோடும் மெலிந்துதான் இருக்கும். அதன்மேல் நிற்பவள் நலமானவள் என்று பொருளல்ல. அதனால் அந்த அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எடைக் கருவி. இரண்டு கருவிகள் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கப் பலர் ஒட்டுறவைக் கணக்கிடுகிறார்கள். அது தவறு. ஒரு கருவி எல்லோருக்கும் சரியாக இரண்டு கிலோ கூட்டிக் காட்டினாலும் ஒட்டுறவுக் கெழு 1 என்றே வரும். கெழு நூற்றுக்கு நூறு, எடையோ எல்லோருக்கும் பிழை! 1986-இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர் இதை எடுத்துக்காட்டி, இரண்டு கருவிகளின் வேறுபாட்டையே நேராகப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் சிறு கருவி வாங்கி வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும். மருத்துவமனைக் கருவியோடு அது சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பது போதாது. எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுகிறது என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதே மிகவும் நுட்பமானது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்! ஆகவே பள்ளிகளில் ஹீமோகுளோபின் பார்ப்பதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் மிகத் தேவையான பணிகள். ஆனால் இப்படி ஒன்று நடப்பதைப் பாருங்கள். வகுப்பில் மிகக் குறைந்த அளவு காட்டிய பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யாரோ விற்கும் ஒரு டானிக்கை ஒரு மாதம் கொடுக்கிறார்கள். மீண்டும் பார்த்தால் சராசரி சற்று ஏறியிருக்கிறது. உடனே டானிக்கின் புகழ் பாடப்படுகிறது. வெறும் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் சராசரி ஓரளவு ஏறித்தான் இருக்கும். ஏனெனில் அந்தப் பத்துப் பேரில் சிலர் உண்மையிலேயே குறைந்தவர்கள். சிலர் அன்றைய விரல் குத்தலின் பிழையால் குறைந்து காட்டியவர்கள். இரண்டாம் முறை பின்னவர்கள் தம் இயல்பான அளவுக்குத் திரும்புகிறார்கள். அதே வேளையில் முதல் பத்து இடத்தில் இருந்தவர்களை மீண்டும் அளந்தால் அவர்கள் சராசரி இறங்கியிருக்கும். கால்ட்டன் கண்ட அதே ‘திரும்புதல்’தான் இது.

மருந்தின் பயனை அறிய ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு வேண்டும். சென்னையில் 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானட்டோரியத்திலும் சிகிச்சை தந்து பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததல்ல என்ற அவர்களின் 1959-ஆம் ஆண்டு முடிவு உலகெங்கும் ஏழை நோயாளிகளுக்கு வாழ்வளித்தது. அத்தகைய ஆய்வு மருத்துவர்களின் வேலை. பள்ளியில் ஒருத்திக்கும் தேவையான மாத்திரையை மறுத்துச் சோதனை செய்ய நாம் சொல்லவில்லை. டானிக் விற்க வருபவரிடம் “ஒப்பீட்டுக் குழு எங்கே ஐயா?” என்று நம் மாணவியர் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் ஆசை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் இருக்கும் ஊரில் அந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு பெற்றோர் கேட்கக்கூடும்: “எங்கள் பெண்ணின் எடையை வகுப்புச் சுவரில் ஒட்டப் போகிறீர்களா?” நியாயமான அச்சம். எடையைச் சொல்லிக் கேலி செய்வது நம்மிடையே இல்லாத பழக்கமல்ல. கேலிக்கு அஞ்சிக் காலை உணவைத் தவிர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதற்கே அஞ்சிப் பரிசோதனை நாளன்று விடுப்பு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வராதவளுக்குப் புள்ளியே இல்லை. அவளே நாம் தேட வேண்டியவளாகவும் இருக்கலாம். ஆகவே படத்தில் பெயர் கூடாது. வரைவதற்கு மாணவியரிடம் தரும் எண்களில் பெயரோ வரிசை எண்ணோ இருக்கக் கூடாது. எந்தப் புள்ளி யார் என்பது வகுப்பாசிரியைக்கும் உடல்நலப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரிக்கும் மட்டுமே தெரிந்தால் போதும். விலகி நிற்பவளைத் தனியே அழைத்து, முதலில் “காலையில் என்ன சாப்பிட்டாய் அம்மா?” என்று கேட்க வேண்டும். எண்ணைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு.

உயரமும் எடையும் கேலிக்கு இடம் தருமென்றால், மாணவியர் பயிற்சிக்கு வேறு இணை அளவுகள் எத்தனையோ உண்டு. சிங்கவரத்தில் அரங்கநாதர் குடைவரைக்குச் செல்லும் குன்றுப் படிகளின் அடியில் நின்று ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணுங்கள். மேலே ஏறியதும் மீண்டும் எண்ணுங்கள். ஒருத்திக்கு இரண்டு எண்கள். தினமும் அந்தப் பக்கத்திலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ வரும் பெண்களின் புள்ளிகள் எங்கே விழுகின்றன, பேருந்தில் வருபவர்களின் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்க்கலாம். விடை என்னவாக வரும் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். கைக்கடிகாரமும் வரைபடத் தாளும் போதும். கணிப்பொறி இருந்தால் இன்னும் எளிது. ஆனால் முதல் முறையாவது கையால் வரைவதே நல்லது என்பது நம் எண்ணம். கணிப்பொறி கோட்டை மட்டும் காட்டும். கையால் புள்ளி வைக்கும் பெண் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு முறை நினைப்பாள்.

தாய், மகள் உயரக் கணக்கை நம் ஊர் எண்களைக் கொண்டே பதினோராம் வகுப்பு மாணவியர் வரும் ஆண்டில் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மகள் வளர்ந்து முடித்திருக்க வேண்டுமாதலால் பதினேழு வயது நிறைந்த முன்னாள் மாணவியரும் தங்கள் அளவுகளை அனுப்பினால் நலம். விருப்பமுள்ள தாய்மார் மட்டும் பெயர் எழுதாத ஒரு துண்டுத் தாளில், தம் உயரத்தையும் மகளின் உயரத்தையும் சென்டிமீட்டரில் எழுதி, மூடிய உறையில் வகுப்பாசிரியையிடம் கொடுத்தனுப்பலாம். அளக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் முதுகும் சுவரோடு ஒட்ட நேராக நிற்க வேண்டும். தலைமேல் ஓர் அட்டையைக் கிடையாக வைத்துச் சுவரில் கோடு போட்டுக்கொண்டு அளப்பது நல்லது. உச்சியில் கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டு நிற்கவும். இல்லையேல் இரண்டு அங்குலம் கூடிவிடும்.